ஆறு முழம் நடந்த ரோஜாவேலி

குரீப்கா,
12 நவம்பர் 1983

தம்பி மிமூனுக்கு, அக்கா யாம்னா எழுதுவது. ஸலாம்.

முதலில் என் கையெழுத்தைப் பார்த்துச் சிரித்து முடித்துவிடு. சுரங்கக் குடியிருப்புப் பெண்களுக்கு நடக்கிற வகுப்பில் நாற்பத்தெட்டு வயதில் கற்றது. எழுத்துகள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்துகொண்டு நிற்கும். ஆனாலும் இனி உன்னைத் திட்ட நினைத்தால் யாரையும் கெஞ்சி உட்காரவைத்து எழுதச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மட்டில் நிம்மதி.

உன் மச்சான் ஸாயித் போய் நாற்பது நாள் முடிந்தது. சுரங்கத் தூசி அந்த மனிதரின் நெஞ்சை அரித்துவிட்டது. கடைசி மாதம் அவருக்குச் சோற்று ருசியும் தெரியவில்லை, டீ ருசியும் தெரியவில்லை. நீ அனுப்பிய காய்ந்த ரோஜா மொட்டைக் கொதிக்கவைத்து மூக்கருகே பிடிப்பேன். "உங்க ஊரு வாசனையாடி இது? மூச்சு உள்ள போற ஒரே வாசனை இதான்" என்பார். அவர் இருமலைக் கேட்டு எரிச்சல்பட்ட நாள்கள் உண்டு. இப்போது வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது, அது அதைவிடக் கொடுமையாக இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். மே மாதக் கடைசியில் இந்தக் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். மகள் ராபாவின் வீட்டில் இரண்டு அறை, ஆறு பேர். மாப்பிள்ளை தங்கமானவன்தான், ஆனால் நான் இன்னொரு ரொட்டிக்குக் கை நீட்டும்போது கூரையைப் பார்க்கிறான். அங்கே போய் நான் இருக்கமாட்டேன். என் நிலம் இருக்கிறது. அதில் இரண்டு அறையும் ஒரு முற்றமும் கட்டிக்கொண்டு சாகும்வரை கிடப்பேன். கொத்தனாரிடம் கேட்டேன், குறுக்கே இருபது முழம் வேண்டும் என்கிறார்.

அப்பா இறந்து வயலைப் பிரித்த அன்று, பெண்பிள்ளை பங்கை விட்டுக்கொடுக்கவில்லையே என்று ஊரே என்னைப் பார்த்துச் சிரித்தது. சித்தப்பா தன் கையாலேயே அளந்து ஆளுக்கு இருபத்திரண்டு முழம் என்றார், நடுவில் ரோஜாவேலி வைத்தோம். எனக்கு ஆற்றுப் பக்கம், உனக்கு வாய்க்கால் பக்கம். ஆற்றங்கரைச் சுவரிலிருந்து வேலி வரைக்கும் ஒருமுறை அளந்து எழுது. வேறொன்றும் உன்னிடம் கேட்கவில்லை.

யாம்னா


ஐத் வர்ஸா,
6 டிசம்பர் 1983

அன்புள்ள அக்காவுக்கு மிமூன் எழுதுவது.

மச்சானுக்காக மசூதியில் ஓதினோம். என் வீட்டுக்காரி இத்தோ அன்றைக்கு முழுவதும் அழுதாள். நல்ல மனிதர், என்னை ஒருநாளும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை.

இங்கே மூன்றாவது வருஷமாக மழை இல்லை. வால்நட் மரங்கள் உச்சியிலிருந்து காய்ந்து வருகின்றன. பார்லி கணுக்கால் உயரத்தோடு நின்றுவிட்டது. பகலில் கண் கூசுகிற வெயில், விடியும்போது வாளித் தண்ணீர் உறைந்து கிடக்கிறது. ரோஜா ஒன்றுதான் தாக்குப்பிடிக்கிறது. பூ சிறுத்துப்போனது, ஆனால் வாசனை முன்னைவிட அதிகம். போன மே மாதம் விலை பேச வந்தவன்கூட, "தண்ணியில்லாத வருஷத்துப் பூவுக்குத்தான் எண்ணெய் நல்லா வரும்" என்றான். உன் பக்கத்து மொட்டைக் காயவைத்து ஒரு தலையணை உறை நிறைய இத்துடன் அனுப்புகிறேன்.

வீடு கட்டுவது பற்றி எழுதியிருந்தாய். இந்த வறட்சியில் மண் குழைக்கத் தண்ணீருக்கு எங்கே போவாய்? எங்களோடு வந்து இரு. மேல் அறை காலியாகத்தான் இருக்கிறது. இத்தோவும் அதையேதான் சொல்கிறாள்.

நிலத்தைப் பற்றிக் கேட்டாய். சில வருஷத்துக்கு முன்னால் ஆற்றில் பெருவெள்ளம் வந்து உன் பக்கத்துக் கரையைக் கொஞ்சம் அரித்துக்கொண்டு போய்விட்டது. இப்போது பதினாறு முழம் வரும். ஆண்டவன் எடுத்துக்கொண்டதற்கு யார் என்ன செய்ய முடியும்? முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், உனக்கு வருத்தம் வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி மிமூன்


குரீப்கா,
20 டிசம்பர் 1983

மிமூன்,

வெள்ளமா? நல்லது. எந்த வருஷத்து வெள்ளம்?

என் தெருவில் நம் பள்ளத்தாக்குக்காரர்கள் ஐந்து குடும்பம் இருக்கிறார்கள். ஆற்றில் கணுக்கால் நனைந்தாலே இங்கே கடிதம் வந்துவிடும். போன கோடையில் ஊருக்கு வந்துபோன தையற்காரர் மனைவியைக் கேட்டேன். "உங்க கரைச்சுவரா? அது மேலதானே நான் துணி காயப்போட்டேன், கல்லு மாதிரி நிக்குது" என்றாள். கல்லுதானே அது என்று நானும் சிரித்துக்கொண்டேன். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவள் அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

உனக்குப் பொய் வராது. சின்ன வயதில் முட்டையைத் திருடிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடிவந்து விழுவாயே, அந்த லட்சணம்தான் இன்னும். இந்த வெள்ளத்தை உனக்குச் சொல்லிக்கொடுத்தது இத்தோவா, நீயாகவே கண்டுபிடித்தாயா?

மேல் அறை வேண்டாம். அடுத்தவர் வீட்டில் எத்தனை நாள் நான் என் செருப்பை ஓரமாகக் கழற்றிவைப்பது? ஐந்து மாதத்தில் எனக்குக் கூரை இல்லை. புரிகிறதா? ஆறு முழம் எங்கே போனது என்று எழுது. ஆண்டவனை இதில் இழுக்காதே.

யாம்னா


ஐத் வர்ஸா,
11 ஜனவரி 1984

அக்கா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. மூன்று முறை எழுதிக் கிழித்தேன். வெள்ளத்தைச் சொல்லிக்கொடுத்தது இத்தோ இல்லை, நானேதான். அவளுக்கு இதெல்லாம் நேற்றுவரை தெரியாது.

ஆறு முழமும் என்னிடம் இருக்கிறது. நான்தான் எடுத்தேன்.

எப்படி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீயும் இந்த மண்ணில் அரிவாள் பிடித்தவள். ரோஜா நிற்கிற இடத்திலேயே நிற்காது. வேரிலிருந்து பக்கக் கன்று விடும். அதனால்தான் குளிர்காலத்தில் இரண்டு பக்கத்துக்காரரும் ஒரே நாளில் வந்து, ஒருவர் பார்க்க ஒருவர் அவரவர் பக்கக் கன்றை வெட்டுவது. நீ ஊரில் இல்லை. உன் பக்கத்தையும் என்னை நம்பி விட்டாய்.

முதல் வருஷம் நான் வேண்டுமென்று செய்யவில்லை. 71 ஜனவரி. என் பக்கத்தை வெட்டி முடித்து உன் பக்கத்துக்குத் திரும்பினேன், வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். அம்மா அடுப்படியில் விழுந்துகிடந்தாள், ஒரு பக்கம் வாய் கோணிப்போயிருந்தது. அதற்கப்புறம் வேலியை யார் நினைத்தது? வசந்தத்தில் பார்த்தால் உன் பக்கம் முழங்கால் உயரத்துக்குக் கன்று வந்திருந்தது. அடுத்த ஜனவரியில் அவற்றைத் தொடவில்லை. என் பக்கத்தில் கிழட்டுத் தண்டுகளைத் தரையோடு அரிந்துவிட்டேன். எனக்கு ஒரு சால் பார்லி கூடுதலாக வந்தது. யாரும் கவனிக்கவில்லை. வேலி எங்கே நிற்கிறதோ அதுதான் எல்லை என்பது நம் ஊர் வழக்கம், கயிறு போட்டு அளப்பவன் யார்?

அன்றைக்கு உன்மேல் எனக்குக் கோபம். அம்மாவின் துணியை ஆற்றுக்குத் தூக்கிக்கொண்டு போகும்போதெல்லாம் கோபம். அக்கா வந்து பார்க்கமாட்டாள், அவள் நிலம் ஒரு சால் எனக்கு வந்தால் என்ன என்று சொல்லிக்கொண்டேன். அப்படியே ஏறக்குறைய வருஷம் அரை முழம். பன்னிரண்டு குளிர்காலம். பிறகு கோபம் போய்விட்டது, கை மட்டும் தானாக அதையே செய்தது. அரிவாளை எடுத்தால் உன் பக்கம் போகவே போகாது.

அக்கா, வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை தெரியவில்லை.

வேலியைப் பெயர்த்துப் பழைய இடத்திலேயே வைக்கப்போகிறேன். நாற்பத்தொரு தூர் இருக்கிறது. வறட்சியில் ரோஜாவைப் பிடுங்கினால் பிழைக்குமா என்று தெரியவில்லை, ஆனால் இப்போது தூங்குகிற காலம். பிப்ரவரி நடுவில் துளிர்க்கத் தொடங்கினால் தொடவே முடியாது. உன் பதிலுக்குக் காத்திருந்தால் காலம் போய்விடும். அதனால் சனிக்கிழமை தொடங்குகிறேன்.

மிமூன்


குரீப்கா,
22 ஜனவரி 1984

மிமூன், தம்பி,

வேலியைத் தொடாதே. ஆரம்பித்திருந்தால் நிறுத்து.

எனக்குத் தெரியும். ஆறு வருஷமாகத் தெரியும்.

அம்மா மௌத்தான பிறகு மூன்றாம் நாள் வந்தேன் இல்லையா? 78இல். அடக்கம் முடிந்திருந்தது. எல்லாரும் "கபருக்குப் போயிட்டு வாம்மா" என்றார்கள். போகிறேன் என்று கிளம்பினேன். கால் அங்கே போகவில்லை, வயலுக்குப் போனது. பைத்தியக்காரி மாதிரி சுவரிலிருந்து வேலி வரைக்கும் கையை வைத்து அளந்தேன். அம்மா அந்தப் பக்கம் புது மண்ணுக்குள் கிடக்கிறாள், நான் இங்கே முழம் போடுகிறேன். பதினெட்டு வந்தது. மறுபடி அளந்தேன். பதினெட்டுதான்.

எனக்குக் கோபமே வரவில்லை. அதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். அப்பாடா என்று இருந்தது. இவன் திருடிவிட்டான், இனி எனக்கும் இவனுக்கும் சரியாகிப்போனது என்று நினைத்தேன். நீ யோக்கியனாக இருந்திருந்தால் உன் முகத்தை நான் எப்படிப் பார்த்திருப்பேன்?

அம்மா ஏழு வருஷம் படுத்திருந்தாள். நான் ஒருமுறை வந்தேன், இரண்டாவது வருஷம், ஞாபகம் இருக்கும். இரண்டு நாள் இருந்தேன். ஒரே ஒருமுறை அவளைக் கழுவினேன். பாதியில் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். பெற்ற தாய். மறுநாள் ஸாயிதுக்கு ஷிப்ட் மாறுகிறது என்று சொல்லிப் பஸ் ஏறிவிட்டேன். ஷிப்ட் மாறவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் ஒரு சாக்கு: ராபாவுக்கு அம்மை, பஸ் மலையில் நின்றுவிடும், பனி. எல்லாம் பொய். அந்த அறைக்குள் நுழைய எனக்குப் பயம், அவ்வளவுதான்.

நீ அனுப்புகிற மொட்டு மூட்டை வருஷத்துக்கு வருஷம் பெருத்துக்கொண்டே வந்தது. ஆகா, மனசு குத்துகிறது, இந்த வருஷமும் கைவைத்திருக்கிறான் என்று தெரிந்துகொள்வேன். தெருவில் எல்லாருக்கும் பெருமையாகக் கொடுப்பேன், "என் தம்பி அனுப்பினான்" என்று.

அதனால் அந்த ஆறு முழம் உனக்கே இருக்கட்டும். நீ அம்மாவைப் பார்த்துக்கொண்டதற்கு என் பங்கு அது. பதினாறு முழத்தில் நான் ஒடுக்கமாகக் கட்டிக்கொள்கிறேன், முற்றம் இல்லாவிட்டால் போகிறது. போன கடிதத்தில் உன்னைத் திட்டியது கிழத்தனம். உன் வாயால் வரட்டும் என்று பார்த்தேன். வந்துவிட்டது, போதும்.

இந்த வறட்சியில் வேலியைக் கொல்லாதே.

யாம்னா


ஐத் வர்ஸா,
9 பிப்ரவரி 1984

அக்கா,

உன் கடிதம் வருவதற்குள் முப்பது தூர் பெயர்த்தாகிவிட்டது. படித்துவிட்டு மிச்சம் பதினொன்றையும் பெயர்த்தேன்.

முழங்கால் உயரத்துக்கு வெட்டி, வேர் மண்ணோடு தோண்டி, ஈரச் சாக்கில் சுற்றி, குழியில் கழுதைச் சாணமும் சாம்பலும் போட்டு நட்டேன். வாய்க்காலில் தண்ணீர் இல்லை. ஆற்றுக் குட்டையிலிருந்து கோவேறு கழுதை மேல் கொண்டுவந்து ஒவ்வொரு தூருக்கும் ஊற்றுகிறேன். இந்த வருஷம் இதில் பூ இருக்காது. எத்தனை பிழைக்கும் என்று ஏப்ரலில்தான் தெரியும். உன் பக்கம் இருபத்திரண்டு முழம். என் கை சித்தப்பாவின் கையைவிட நீளம், எனவே கொஞ்சம் கூடத்தான் வரும்.

இரண்டாம் நாளே ஆட்கள் கூடிவிட்டார்கள். ஊர்த்தலைவர், "என்னப்பா, மழையில்லாத வருஷத்துல வேலியப் பிடுங்குற? மூளை கீளை கலங்கிடுச்சா?" என்றார். சொல்லிவிட்டேன். எல்லார் முன்னாலும், மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டே, அக்கா நிலத்தில் ஆறு முழம் திருடினேன் என்று சொன்னேன். அன்று சாயங்காலம் மூன்று பேர் அவரவர் வேலியைப் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்களாம். அதில் தலைவரும் ஒருவர்.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். நிலம் வேண்டாம், நீ வைத்துக்கொள் என்கிறாய். அம்மாவைப் பார்த்துக்கொண்டதற்கு என்கிறாய்.

வேண்டாம் அக்கா. அதே கணக்கைத்தான் நானும் பன்னிரண்டு வருஷம் சொல்லிக்கொண்டேன். அது திருடன் தன்னைத் தேற்றிக்கொள்ளச் சொல்வது. இப்போது நீயும் அதையே சொன்னால் நான் அம்மாவைக் கூலிக்குக் கழுவினவன் ஆகிவிடுவேன். அவள் என் அம்மா. நான் கூலிக்காரன் இல்லை. அதோடு நீ அளந்தபோது பதினெட்டு என்றாயே, அப்புறம் போன இரண்டு முழம்? அப்போது அம்மாவே இல்லை. அது யாரைக் கழுவினதற்குக் கூலி?

உன் கடிதத்தை இத்தோவுக்கு வாசித்துக் காட்டினேன். உனக்குக் கோபம் வரும், வரட்டும். வேலி விஷயம் தெரிந்ததிலிருந்து என்னோடு பேசாமல் இருந்தவள் வாயைத் திறந்தாள். "பாதி நாள் மாமியாரைக் கழுவினது நான். கூலின்னா எனக்குல்ல வரணும்? எனக்கு யாரு நிலமும் வேணாம்னு உங்க அக்காவுக்கு எழுதுங்க. வந்து வீட்டைக் கட்டிக்கிட்டு மரியாதையா உக்காரச் சொல்லுங்க."

நீ கேட்காத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். கடைசி வருஷம் அம்மாவுக்கு நாக்கு எழவில்லை, ஆனால் உன் பெயர் மட்டும் வரும். "யாம்... யாம்..." என்பாள். "பூப்பறிப்புக்கு வந்துடுவாம்மா" என்று நான் சொல்வேன். அதைக் கேட்டால் கொஞ்சம் கஞ்சி குடிப்பாள். பூப்பறிப்புக்கு ஐந்து மாதம் இருக்கிற டிசம்பர் குளிரிலும் அதையேதான் சொன்னேன். கடைசியில் அவள் என்னை நம்பினாளா, என் மனம் நோகக்கூடாதென்று குடித்தாளா, எனக்கு இன்னும் தெரியாது.

உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. நீ நிலத்தைக் கொடுத்து இதைத் தீர்க்கப் பார்க்கிறாய், இது அப்படித் தீராது என்பதற்காக எழுதுகிறேன். என் திருட்டு என்னோடு இருக்கட்டும். நீ வராதது உன்னோடு இருக்கட்டும். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்க வேண்டாம். நான் எடுத்ததைத் திருப்பி வைத்துவிட்டேன், உன்னுடையதைத் திருப்பி வைக்க இடமில்லை, அது உனக்குக் கஷ்டம்தான். அதற்காக நான் வருத்தப்படுகிறேன் அக்கா, நிஜமாகவே.

மே மாதத்துக்குள் மண் குழைக்கத் தண்ணீருக்கு வழி பண்ணுகிறேன். நீ வா.

மிமூன்


குரீப்கா,
5 ஏப்ரல் 1984

தம்பி மிமூனுக்கு,

இரண்டு மாதமாகப் பதில் எழுதவில்லை. உன்மேல் கோபமாக இருந்தேன். இவன் யார் என்னிடம் இப்படி எழுத என்று பாத்திரத்தைப் போட்டு உருட்டினேன். அதற்குப் பிறகு அந்தக் கஞ்சி விஷயம் என்னை விடவில்லை. அடுப்பில் எது கொதித்தாலும் அதுதான் வருகிறது. என் பெயரைச் சொன்னாள் என்று ஆறு வருஷம் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று உன்னைக் கேட்க நினைத்தேன். நான் கேட்டிருந்தால்தானே நீ சொல்வாய்.

நிலத்தை எடுத்துக்கொள்கிறேன். இருபத்திரண்டு முழமும். உன் கை நீளத்தால் கூட வந்ததை நீயே வைத்துக்கொள், எனக்குத் தர்மம் வேண்டாம். எத்தனை தூர் பிழைத்தது என்று எழுதாதே, நானே வந்து எண்ணிக்கொள்கிறேன்.

இத்தோவிடம் சொல்: அவள் சொன்னது எனக்குச் சுட்டது. அது அவளுக்குத் தெரிய வேண்டும்.

குடியிருப்புச் சாவியை முன்கூட்டியே கொடுத்துவிடப்போகிறேன். மே 3, வியாழக்கிழமை மதியப் பஸ்ஸில் இறங்குவேன். பஸ் நிறுத்தத்துக்கு யாரும் வர வேண்டாம். கோவேறு கழுதையும் வேண்டாம், பெட்டியை டீக்கடையில் போட்டுவிட்டு வருவேன். நேரே உங்கள் வீட்டுக்கு வரமாட்டேன், வயலுக்கும் போகமாட்டேன். முதலில் அம்மாவிடம் போகிறேன். அவள் எந்த வரிசையில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. தலைமாட்டில் என்ன அடையாளம் வைத்தாய் என்று மட்டும் எழுது. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே எழுது, நான் வேறு யாரிடமும் போய் அதைக் கேட்க முடியாது.

யாம்னா